சரக்கு போகும் அன்றே கணக்கும் போகட்டும்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஏற்றுமதி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், தையல் இன்னோரிடம் என்று ஒரு டி-ஷர்ட் பல கைகள் மாறித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள குன்னத்தூர் போன்ற சிற்றூர்களில் பவர்டேபிள் என்று அழைக்கப்படும் தையல் யூனிட்டுகள் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. வெட்டிய துணி டெம்போவில் வருகிறது; தைத்த பீஸ் அதே டெம்போவில் திரும்புகிறது. கூடவே ஒரு டெலிவரி சலான், ஒரு போன் பேச்சு. பெரும்பாலான கணக்கு இந்த இரண்டில்தான் நிற்கிறது. சரக்கு போகும் அன்றே அதன் கணக்கும் முறையான மின்னஞ்சலாக, பில்லும் சலானும் இணைப்பாக, யூனிட்டின் கணினியிலிருந்து தானாகப் போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு முதலாளிக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பைக் கையில் எடுக்க இதைவிடச் செலவு குறைந்த வழி தெரியவில்லை.

முதலில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 15-ஆவது பிரிவின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால் கெடு இன்னும் குறுகி 15 நாளாகிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக, சேரும் என்கிறது 16-ஆவது பிரிவு. சண்டை வந்தால் வழக்கு மன்றத்துக்கு ஓட வேண்டாம். இதற்கென்றே மாநில அரசு அமைக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம் என்கிறது 18-ஆவது பிரிவு. இதற்கு மேல், வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு, இந்தக் கெடுவுக்குள் சிறு யூனிட்டுக்குப் பணம் தராத நிறுவனம் அந்தத் தொகையை அதே ஆண்டில் செலவாகக் காட்டி வரி விலக்குப் பெற முடியாமல் செய்தது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

இத்தனை உரிமையும் ஒரு தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளே அந்தத் தேதி. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சேர்ந்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 2-ஆவது பிரிவு விளக்குகிறது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் தீராத வேதனைக்கு நேராக மருந்து வைத்த விதி இது. தைத்துக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, பில்லுக்குப் பணம் கேட்கும்போது, ஷார்ட்டேஜ் என்றும் தையல் கோளாறு என்றும் பணத்தைப் பிடிக்கும் டெபிட் நோட் வருவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. எத்தனை பீஸ் எந்தத் தேதியில் போனது, அதற்கு 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வந்ததா என்பதைக் காட்டும் பதிவு கையில் இருந்தால், அந்த டெபிட் நோட்டை எதிர்த்துப் பேச ஓர் அடித்தளம் கிடைக்கும். பதிவு இல்லாதவரிடம் சட்டப் புத்தகம் மட்டும்தான் இருக்கும்.

பெரிய நிறுவனத்துக்கு இந்தப் பதிவு தானாகவே அமைந்துவிடுகிறது. ஜிஎஸ்டி முறையில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-இல் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் ரூ.5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டாயமானது. அவர்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் அரசுத் தளத்தில் பதிவாகி, தனி எண்ணும் கியூஆர் குறியீடும் தேதியும் பெற்றுத் திரும்புகிறது. குன்னத்தூரில் பத்து, இருபது மெஷின் போட்டு நடத்தும் பவர்டேபிள் இந்த வரம்புக்குக் கீழே நிற்கிறது. சேவைக்கான விற்றுமுதல் ஆண்டுக்கு ரூ.20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் ஜிஎஸ்டி பதிவே இல்லாமலும் இருக்கலாம். அரசு அவர்கள்மேல் சுமை ஏற்றாதது நியாயம்தான். ஆனால், பதிவு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது இல்லை என்ற நிலை இதனால் உருவாகிறது. இந்த இடைவெளியை அவர் தானே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சலான் இருக்கிறதே, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டுத் தருகிறாரே என்று கேட்கலாம். அது தேவைதான், மின்னஞ்சல் வந்துவிட்டால் சலானைக் கைவிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், வாசலில் இருப்பவர் மூட்டையைத்தான் எண்ணுகிறார், பீஸை எண்ணுவதில்லை. ஒரு சலானில் நான்கு ஸ்டைலும் ஆறு சைஸும் இருந்தால், பின்னால் வரும் தகராறில் அந்தக் கார்பன் தாள் அதிகம் பேசாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதுமே என்பது அடுத்த வாதம். வாட்ஸ்அப் உரையாடலும் சட்டப்படி மின்னணு ஆவணம்தான், அதை மறுக்கவில்லை. சிக்கல் அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. செய்தி நிறுவனத்துக்குப் போவதில்லை. மெர்ச்சண்டைசர் அல்லது புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற தனி மனிதரின் போனுக்குப் போகிறது. அவர் வேலை மாறினால் கணக்கும் அவரோடு போய்விடும். போன் மாறினாலோ, செய்தி தானே அழியும் அமைப்பைப் போட்டு வைத்திருந்தாலோ, பதிவு இல்லாமல் போகலாம். காலை வணக்கத்துக்கும் ஸ்டைல் படத்துக்கும் நடுவே கிடக்கும் ஒரு சலான் போட்டோவை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பதும் எளிதல்ல. மின்னஞ்சல் நிறுவனத்தின் முகவரிக்குப் போகிறது. அனுப்பியவரிடமும் பெற்றவரிடமும் தனித்தனிப் பிரதி தங்குகிறது. பில் எண்ணைத் தட்டினால் வந்து நிற்கிறது.

மின்னஞ்சல் வணிகக் கடிதத்துக்கு ஏற்ற வடிவத்தை எட்டியது 1992-இல்தான். இணையத்தில் கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது அது ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே கொண்ட வெற்று வரிகளுக்காக எழுதப்பட்டது. படமும் ஆவணமும் பிறமொழி எழுத்தும் அதில் நேராகப் போக முடியாது. நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 1992-இல் கொண்டுவந்த 'மைம்' விதிமுறை இதைத் தீர்த்தது. கடிதத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி வைக்கும் ஏற்பாடு அது. பேக்கிங் லிஸ்ட் ஒட்டிய அட்டைப்பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். பெறுபவரின் கணினி அந்த லிஸ்ட்டைப் படித்தே எதைக் கடிதமாகக் காட்டுவது, எதை இணைப்பாக வைப்பது என்று முடிவு செய்கிறது. இணைப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றப்பட்டுப் பயணம் செய்கிறது. அதனால்தான் இணைப்பு அதன் உண்மை அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருத்து, ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை நாம் நினைப்பதற்கு முன்பே தொட்டுவிடுகிறது. பவர்டேபிள் பில்லுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. பிடிஎப் ஆக மாற்றிய பில் சில நூறு கேபிக்குள் அடங்கும்.

விதிமுறை பொதுச்சொத்தாக இருப்பதால், இப்படிக் கடிதம் கட்டி அனுப்பும் வேலையை எந்த நிரலும் செய்ய முடியும். டேலி கணக்கு மென்பொருளில் பில்லை நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி உண்டு. எக்செல்லில் கணக்கு வைத்திருப்பவர் அதிலிருந்தே அவுட்லுக் வழியாக அனுப்பலாம். பைத்தான் மொழியோடு கடிதம் கட்டவும் அனுப்பவும் தேவையான பகுதிகள் இலவசமாகவே வருகின்றன. பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் மாணவர் சில நாளில் எழுதி முடிக்கக்கூடிய வேலை. சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர் வரை அனுப்பலாம். பவர்டேபிள் ஒன்றுக்கு ஒரு நாளில் ஐந்து கடிதம் போனாலே அதிகம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கணக்கின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்கும் பழைய முறையை கூகுள் 2022 மே மாதத்துக்குப் பிறகு படிப்படியாக மூடிவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டு, அந்த நிரலுக்கென்று தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல் பெற வேண்டும்.

கையால் ஏன் அனுப்பக் கூடாது, நிரல் எதற்கு என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது, ஒழுங்கு தரும் பலம். ஷிப்மெண்ட் நெருக்கும் நாளில் இரவு பத்து மணிக்கு டெம்போவை ஏற்றி அனுப்பிய ஒருவர் உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டார். நாளை எழுதலாம் என்று விட்டது போய்விடும். பில் போட்டதும் கடிதம் தானாகப் போகும் ஏற்பாட்டில் தூக்கமும் அசதியும் குறுக்கே வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. தகராறு வந்த பிறகு எழுதிய கடிதத்தைப் பார்ப்பவர் சந்தேகத்தோடு பார்ப்பார். இரண்டு ஆண்டாக ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே வடிவில், அன்றன்றே போன கடித வரிசையைக் காட்டும்போது, அது தொழிலின் அன்றாட நடைமுறையாக நிற்கிறது. மன்றத்தின் முன் அதற்குக் கிடைக்கும் மதிப்பு வேறு.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. தலைப்பு வரியில் யூனிட்டின் பெயர், பில் எண், சலான் எண், ஆர்டர் எண் நான்கும் இருக்க வேண்டும். உள்ளே ஸ்டைல் வாரியாக, சைஸ் வாரியாகப் பீஸ் எண்ணிக்கையும் ரேட்டும் ஓர் அட்டவணையில் வர வேண்டும். அதே செய்தி அலங்காரமில்லாத வெறும் எழுத்திலும் சேர்ந்து போக வேண்டும். மைம் விதிமுறை இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்க இடம் தருகிறது, பழைய போனில் பார்ப்பவருக்கும் அது படிக்கக் கிடைக்கும். இணைப்பு பிடிஎப் ஆக இருப்பது நல்லது. எக்செல் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். மேக்ரோ உள்ள கோப்பென்றால் பெறும் கணினியே தடுத்துவிடக்கூடும். கடைசி வரியாக, எண்ணிக்கையிலோ தரத்திலோ ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி ஒரு பணிவான வேண்டுகோள் இருக்கட்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

மொழியைப் பற்றிய தயக்கத்துக்கும் இடமில்லை. இங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் தமிழர். கடிதம் தமிழிலேயே போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் மறுமுனையில் புரியாத குறிகள்தான் தெரியும். ஒருங்குறியில் எழுதி, கடிதத்தின் தலையில் யுடிஎப்-8 என்று குறித்துவிட்டால் சென்னையிலும் சிகாகோவிலும் ஒரே மாதிரி தெரியும். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆங்கிலம் வராது என்பதால் எழுத்து வழிக் கணக்கையே ஒதுக்கி வைத்தவர்களுக்கு இந்த வாய்ப்பு மிக முக்கியமானது.

இனி இந்த யோசனைக்கு வரும் வலுவான எதிர்ப்பைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு இப்படிக் கடிதம் போட்டால், கேஸ் போடத் தயாராகிறான் என்று நினைத்து அடுத்த ஆர்டரை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அது. பயத்துக்குக் காரணம் உண்டு. வாய்ச்சொல்லை நம்பி வளர்ந்த தொழில் இது. முகம் பார்த்துப் பழகியவரிடம் எழுத்தில் கேட்பதே அவமரியாதை என்று எண்ணும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால், பணம் வராமல் போன பிறகு அனுப்பும் கடிதம்தான் மிரட்டலாகத் தெரியும். முதல் சரக்கிலிருந்தே எல்லோருக்கும் ஒரே மாதிரி, கணினி அனுப்பும் கடிதம் நடைமுறையாகவே பார்க்கப்படும். அதே ஏற்றுமதி நிறுவனம் தன் வெளிநாட்டு பையரோடு ஆர்டர், அளவுத் தாள், சாம்பிள் ஒப்புதல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில்தான் நடத்துகிறது. போனில் சொன்னதை நம்பி அது ஒரு பீஸ்கூட வெட்டுவதில்லை. தான் மேலே கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் கீழே உள்ளவர் கடைப்பிடித்தால் அது கோபப்பட நியாயமில்லை. 43பி(எச்) வந்த பிறகு, எந்த பில் எந்தத் தேதியில் கெடு தாண்டுகிறது என்று அந்த நிறுவனத்தின் ஆடிட்டருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. ஒழுங்கான கடிதம் அவருக்கும் உதவி. ஒரு யூனிட் மட்டும் தனியாகச் செய்தால் கண்ணில் உறுத்தலாம் என்பது உண்மை; ஊரில் உள்ள யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வடிவத்தில் தொடங்கினால் அந்த உறுத்தலும் இல்லை.

மோசடி பற்றிய அச்சம் அடுத்தது. நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதம் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லிப் பணத்தைப் பறிக்கும் குற்றம் உலகெங்கும் பெருகியிருக்கிறது. அமெரிக்காவின் எப்பிஐயிடம் பதிவான புகார்களில் மட்டும் 2023-இல் இவ்வகை இழப்பு சுமார் 290 கோடி டாலர். இந்த ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது. இலவச முகவரிக்குப் பதிலாக யூனிட்டின் பெயரில் சொந்த டொமைன் வைத்துக்கொண்டால், எஸ்பிஎப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பையும் அமைக்கலாம். முதலாவது எந்த சர்வரிலிருந்து அந்த டொமைனின் கடிதம் வரலாம் என்று சொல்கிறது. இரண்டாவது கடிதத்தில் மின்னணு முத்திரை பதித்து, வழியில் திருத்தப்படவில்லை என்று காட்டுகிறது. மூன்றாவது இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்கிறது. பெருவாரியாக அனுப்புவோருக்கு கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கட்டாயமாக்கின. சிறு யூனிட்டும் செய்துகொண்டால் கடிதம் ஸ்பேமில் விழும் வாய்ப்பு குறையும். இதோடு, வங்கிக் கணக்கு எண்ணை ஒருபோதும் மின்னஞ்சலில் மாற்றுவதில்லை, நேரில்தான் மாற்றுவோம் என்று இரு தரப்பும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினி தவறு செய்தால் என்ன ஆகும் என்பதும் நியாயமான கேள்வி. ஒருவருக்குப் போக வேண்டிய பில் இன்னொருவருக்குப் போனால் ரேட் ரகசியம் வெளியாகிவிடும். ஆகவே ஒரு கடிதம் ஒருவருக்கே போக வேண்டும். பில்லில் உள்ள வாடிக்கையாளரும் முகவரியும் பொருந்தினால் மட்டுமே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் யூனிட்டின் பெட்டிக்கு வர வேண்டும். தொடக்கத்தில் சில வாரமாவது அனுப்பும் முன் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். போய்ச் சேராமல் திரும்பி வந்த கடிதத்தை அன்றே கவனிக்கவும் ஓர் ஆள் தேவை. கணினி அனுப்பும், கண்காணிப்பது மனிதர் பொறுப்பு.

நாளை இந்தக் கடிதம் சான்றாகச் செல்லுமா என்ற சந்தேகத்துக்குச் சட்டம் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. மின்னணு ஆவணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிடும் என்று டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 63-ஆவது பிரிவில் மின்னணு ஆவணத்தை எந்தச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. பெற்றவர், எனக்கு வரவில்லை என்றால்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. பெறுபவர் தனக்கென்று ஒரு மின்னணு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், கடிதம் அந்தப் பெட்டிக்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். அவர் திறந்து படித்தாரா என்பது பொருட்டில்லை. எனவே, ஜாப் ஒர்க் ஆர்டரிலேயே, பில்லும் சலானும் வர வேண்டிய முகவரி இது என்று ஒரு வரி எழுதி வாங்குவதே இந்த ஏற்பாட்டின் அச்சாணி.

இதைச் செய்ய யார் முன்வர வேண்டும்? 1956-இல் தொடங்கிய தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கமான சைமாவும், 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தங்கள் உறுப்பினர்களிடம் பில் பெறுவதற்கான முகவரியை ஒவ்வொரு ஆர்டரிலும் அச்சிடச் சொல்லலாம். பவர்டேபிள் உரிமையாளர்கள் சங்கம் தமிழில் ஒரு மாதிரிக் கடிதத்தையும், அதை அனுப்பும் எளிய நிரலையும் எல்லா யூனிட்டுக்கும் பொதுவாகத் தயாரித்துக் கொடுக்கலாம். வட்டாரத்துப் பாலிடெக்னிக்குகளும் கல்லூரிகளும் இதை மாணவர்களின் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகப் போய் நிறுவித் தரலாம். மாவட்டத் தொழில் மையம், குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுக்கு நடத்தும் முகாம்களிலேயே இதையும் சொல்லித் தரலாம். உத்யம் பதிவு இல்லாமல் மேலே சொன்ன பாதுகாப்பைக் கோருவது கடினம் என்பதால் இரண்டும் சேர்ந்து போவது பொருத்தம்.

பணம் தரக்கூடாது என்றே முடிவெடுத்தவரை ஒரு கடிதம் திருத்திவிடாது. வட்டிக்கு வாங்கிச் சனிக்கிழமைச் சம்பளம் போடும் யூனிட்டின் கடன் உடனே இறங்கிவிடாது. ஆனால், குறித்த நாளில் குறித்த கணக்கு எழுத்தில் போய்ச் சேர்ந்தது என்ற நிலையிலிருந்து பேசுகிறவருக்கும், வெறும் போன் பேச்சை நினைவூட்டிக் கெஞ்சுகிறவருக்கும் பேரம் பேசும் பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பவர்டேபிளில் பணம் தங்கினால் அந்த வாரம் தையல்காரரின் கூலியும் தங்குகிறது என்பதால், இது முதலாளிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. அடுத்த ஆர்டரை எடுக்கும்போதே குன்னத்தூரின் ஒவ்வொரு யூனிட்டும் பில் முகவரியை எழுதி வாங்கட்டும். அந்த ஆர்டரின் முதல் டெம்போ கிளம்பும் அன்றே அதன் கணக்கும் அந்த முகவரிக்குப் போகட்டும்.